குதிரையின் மூக்கும் பால்மரத்துப் பட்டையும்

கொலையுண்டவனே முதல் பக்கத்தில் பேசத் தொடங்குகிறான். தலையைக் கல்லால் நசுக்கிக் கிணற்றில் போட்டுவிட்டார்கள், நாள்கணக்காக யாரும் என்னைத் தேடி எடுக்கவில்லை, எடுத்து முறைப்படி அடக்கம் செய்யும்வரை எனக்கு அமைதி கிடையாது என்கிறான். இதை அம்மாவிடம் சொன்னபோது அவர் முகத்தில் துளி வியப்பும் இல்லை. கீரையை ஆய்ந்துகொண்டே, “கருமாதி செய்யாமல் விட்டால் பேசத்தான் செய்வார்கள்” என்றார்.

நான் சொல்வது ஓரான் பாமுக்கின் ‘என் பெயர் சிவப்பு’ நாவலை. துருக்கி மொழியில் 1998-இல் வந்தது. எழுதியவர் 2006-இல் நோபல் பரிசு பெற்றார். ஜி. குப்புசாமி தமிழாக்கிக் காலச்சுவடு வெளியிட்ட அந்தத் தடித்த புத்தகம், சென்னைக்குப் போய்வந்த அண்ணியின் பெட்டியில் புடவைகளுக்கு நடுவே மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டுக்கு வந்து சேர்ந்தது. மழை நாள்களில், தாமான் என்னும் குடியிருப்பில் எங்கள் வீட்டு முன்வாசலில் உட்கார்ந்து ஒரு மாதம் எடுத்துப் படித்தேன். பாதிக்கு மேல் அம்மாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். அவர் தோட்டப் பள்ளியில் மூன்றாம் ஆண்டோடு நின்றவர். முப்பத்தொரு ஆண்டுகள் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். இந்தப் புத்தகத்தை என்னைவிட அவர்தான் சரியாகப் படித்தார். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மர்ம நாவல் படிப்பதில் எனக்கு ஒரு கணக்கு உண்டு. அதிகம் சத்தம் போடுகிறவன் கொலைகாரன் இல்லை. எல்லோருக்கும் உதவி செய்கிறவன் மீது ஒரு கண் வைக்க வேண்டும். பணம் யாருக்குப் போய்ச் சேருகிறது என்று பார்க்க வேண்டும். இருபது வருடமாக இந்தக் கணக்கு என்னைக் கைவிட்டதில்லை. இந்த நாவலில் அது நூறு பக்கம்கூடத் தாங்கவில்லை. ஏனென்றால் இங்கே கொலைக்குக் காரணம் பணமும் இல்லை, பெண்ணும் இல்லை, நிலத் தகராறும் இல்லை. ஒரு படத்தை எந்தக் கோணத்திலிருந்து வரைவது என்பதுதான் காரணம்.

கதை 1591-ஆம் ஆண்டுப் பனிக்காலத்து இஸ்தான்புல்லில் நடக்கிறது. ஹிஜ்ரி ஆண்டுக் கணக்கில் ஆயிரமாவது ஆண்டு அது. அதைக் கொண்டாடச் சுல்தான் மூன்றாம் முராத் இரகசியமாக ஒரு புத்தகம் செய்யச் சொல்கிறார். அதில் வெனிஸ் ஓவியர்களின் பாணியில், அச்சு அசலாக அவர் முகம் இருக்க வேண்டும். இங்கேதான் நான் நின்றுவிட்டேன். முகம் இருந்தால் என்ன? சாமியறையில் தாத்தாவின் கறுப்பு வெள்ளைப் படத்துக்குப் பொட்டு வைத்து மாலை போடுகிற வீடு எங்களுடையது. முகத்தை முகமாக வரைவதில் பாவம் எங்கிருந்து வந்தது?

பாமுக் பாடம் நடத்தவில்லை, பாத்திரங்களைப் பேச விடுகிறார். அந்தச் சித்திரக்காரர்களின் நம்பிக்கையில், ஓவியம் என்பது மேலிருந்து இறைவன் காண்கிறபடி உலகை வரைவது. தெருவில் நிற்கிற மனிதனின் கண்ணுக்குத் தெரிகிறபடி வரைந்தால், பக்கத்தில் நிற்கும் நாய் பெரியதாகவும் தூரத்தில் இருக்கும் பள்ளிவாசல் சிறியதாகவும் ஆகிவிடும். அதை அவர்கள் வெறும் கோணம் என்று நினைக்கவில்லை. உலகத்தின் வரிசையே கவிழ்ந்துவிடும் என்று நடுங்கினார்கள். அந்த நடுக்கத்தை உள்வாங்கிய பிறகுதான் கொலைக்கான காரணம் எனக்குப் பிடிபட்டது. பழகாத ஊரில் நடக்கும் கொலைக் கதையில் தடயம் நம் கண்ணெதிரே கிடந்தாலும் அது தடயம் என்றே தெரியாது. அந்த ஊர் எதற்குப் பயப்படுகிறது என்பதை முதலில் கற்க வேண்டும்.

நான் சந்தேகித்தவர்களின் பட்டியல் நீளமானது. முதலில் காப்பிக் கடைகளை இழுத்து மூடச் சொல்லும் மதபோதகரின் கூட்டத்தாரை. பிறகு அந்த இரகசியப் புத்தகத்துக்கு வரைந்த மூன்று ஓவியர்களில் தற்பெருமை அதிகம் பேசுகிறவனை. மூவருக்கும் குரு வைத்த செல்லப் பெயர்கள்தாம்: வண்ணத்துப்பூச்சி, நாரை, ஆலிவ். கொலைகாரன் இந்த மூவரில் ஒருவன். அவனும் தனி அத்தியாயங்களில் நம்மிடம் பேசுகிறான். தன் பேச்சிலிருந்து தன்னைக் கண்டுபிடிக்க முடியுமா பாருங்கள் என்று சவாலே விடுகிறான். யார் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. இனிமேல் படிக்கப்போகிறவர்களுக்கு அந்தச் சுகம் மிஞ்சட்டும்.

ஐம்பத்தொன்பது அத்தியாயங்கள். நாய் பேசுகிறது, கள்ள நாணயம் பேசுகிறது, மரணம் பேசுகிறது, சிவப்பு நிறமே பேசுகிறது. காப்பிக் கடையில் ஒரு கதைசொல்லி, தொங்கவிட்ட படத்தைக் காட்டி அதன் குரலில் பேசுவதாக ஏற்பாடு. எனக்கு அதில் மிகவும் பிடித்தது மரம். ஏதோ ஒரு கதைக்காக வரையப்பட்ட மரம் அது. ஏடு தவறிப்போய், தான் எந்தக் கதையைச் சேர்ந்தது என்று தெரியாமல் தனியாக நிற்கிறது. அந்தப் பக்கத்தைப் படித்த அன்று மாலை, எங்கள் மாநிலத்துக் கோலகங்சாரில் இன்றும் நிற்கும் பழைய ரப்பர் மரம் நினைவுக்கு வந்தது. பிரேசில் காட்டில் எடுத்த விதை லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, கடல் கடந்து வந்து, 1877-இல் கோலகங்சாரில் நடப்பட்ட கன்றுகளில் ஒன்று என்று சொல்லப்படும் மரம். அதுவும் தன் ஏட்டிலிருந்து உதிர்ந்து வேறொரு கதைக்குள் விழுந்ததுதான். அந்தக் கதைக்குள்தான் எங்கள் கொள்ளுத்தாத்தா கப்பலேறி வந்தார்.

உறவுமுறையில் அம்மா ஒரு முட்டுக்கட்டை போட்டார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து ஊர் திரும்பும் கருப்பு என்பவன், சுல்தானின் இரகசியப் புத்தகத்தைச் செய்விக்கும் எனிஷ்டேயின் வீட்டுக்குப் போகிறான். எனிஷ்டேயின் மகள் ஷெகூரே மீது அவனுக்குப் பழைய காதல். துருக்கியில் எனிஷ்டே என்றால் அத்தையின் கணவரும் ஆகலாம், சித்தியின் கணவரும் ஆகலாம். அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. “அத்தை மகளா, சித்தி மகளா? அதைச் சொல் முதலில்” என்று என்னை நிறுத்திவிட்டார். எங்களுக்கு ஒருத்தி முறைப்பெண், இன்னொருத்தி தங்கை. அந்தச் சொல்லுக்கோ இரண்டும் ஒன்றுதான். பிற மொழிக்குள் போகும்போது கால் இடறுகிற இடங்கள் இப்படித்தான் ஒரு சின்னச் சொல்லில் இருக்கின்றன.

ஆனால் எனக்குப் பழகிய இடமும் ஒன்று வந்தது. ஷெகூரேயின் கணவன் போருக்குப் போய்ப் பல ஆண்டுகளாகத் திரும்பவில்லை. இஸ்லாமியச் சட்ட மரபுகளில் ஹனஃபி முறையைச் சேர்ந்த நீதிபதி அவளுக்கு விடுதலை தரமாட்டார். ஷாஃபி முறையைச் சேர்ந்தவர் தருவார். அதற்காக ஆளைப் பிடித்து, சாட்சி பிடித்து, ஒரே நாளில் மணவிலக்கும் மறுமணமும் முடிகின்றன. வீட்டுக்குள்ளே, இதற்குள் தானும் கொலையுண்டுவிட்ட அப்பா எனிஷ்டேயின் உடலை நோயாளிபோல் படுக்க வைத்துக்கொண்டு அவள் கல்யாணம் செய்துகொள்கிறாள். இந்த நாட்டு மலாய் முஸ்லிம்கள் ஷாஃபி முறையினர். காதி அலுவலகப் பலகையைப் பார்க்காமல் இங்கே யாரும் வளர்வதில்லை. தமிழ்நாட்டு வாசகர் பலர் அடிக்குறிப்பு தேடும் இடத்தை நான் அண்டை வீட்டுச் செய்தியைப் போலப் படித்துக்கொண்டு போனேன். அம்மாவோ சட்டத்தைக் கவனிக்கவே இல்லை. ஷெகூரே செய்தது சரி, இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவள் வேறு என்ன செய்வாள் என்று கடைசிவரை அவள் பக்கமே நின்றார்.

எஸ்தர் என்ற யூதப் பெண் ஒருத்தி வருகிறாள். துணி விற்றுக்கொண்டே வீடு வீடாகக் காதல் கடிதம் கொண்டுபோகிறவள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கடிதத்தை மோந்து பார்த்து, தடவிப் பார்த்து, மடித்த விதத்தைப் பார்த்து அதில் பாதியைச் சொல்லிவிடுவாள். எங்கள் பாட்டி அப்படித்தான். ஊரிலிருந்து வரும் நீலக் கடிதத்தைக் தோட்டத்து எழுத்தரான கிராணி வீட்டுப் பையன் படித்துச் சொல்வதற்கு முன்பே, கையில் வாங்கிய உடனே, நல்ல சேதியா கெட்ட சேதியா என்று சொல்வாராம். அம்மா இதைச் சொல்லிவிட்டு, “எழுதியவர் கை நடுங்கியிருந்தால் காகிதத்தின் பின்பக்கம் காட்டிக்கொடுத்துவிடும்” என்றார். கதையின் முடிச்சே இதுதான் என்பது அப்போது எங்கள் இருவருக்கும் தெரியாது.

நடுப்பகுதி எனக்குக் களைப்பைத் தந்தது. பாணி பற்றி, காலம் பற்றி, குருட்டுத்தன்மை பற்றி ஒவ்வோர் ஓவியனும் மூன்று மூன்று கதைகள் சொல்கிறான். தனித்தனியாக அழகான கதைகள்தாம். வரிசையாக ஒன்பது வரும்போது, கிணற்றில் கிடப்பவனை மறந்துவிட்டார்களே என்ற கோபம் வருகிறது. அந்தக் கதைகளை அம்மாவுக்குச் சுருக்கித்தான் சொன்னேன்.

அப்புறம் குதிரை வந்தது. செத்தவனிடமிருந்து ஒரு காகிதம் கிடைக்கிறது. அதில் மை கலங்கிய ஒரு குதிரைப் படம். அதன் மூக்குத் துளைகள் மற்றக் குதிரைகளின் மூக்கைப் போல இல்லை, கீறிவிட்ட மாதிரி இருக்கின்றன. தலைமை ஓவியர் உஸ்மானுக்குச் சுல்தான் மூன்று நாள் கெடு கொடுக்கிறார். உஸ்மானும் கருப்பும் அரண்மனைக் கருவூலத்துக்குள் அடைபட்டு, பழைய புத்தகங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி அந்த மூக்கைத் தேடுகிறார்கள். ஓர் ஓவியன் நாயகன் முகத்தையும் போர்க்களத்தையும் கவனமாக வரைவான். காது, நகம், புல், குதிரை மூக்கு போன்றவற்றை நினைக்காமலே கை போன போக்கில் வரைவான். அவன் அடையாளம் அங்கேதான் ஒளிந்திருக்கும். இது கற்பனை வழிமுறையும் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தாலியரான ஜொவான்னி மொரெல்லி, பெயர் தெரியாத ஓவியங்களைக் காது மடலையும் விரல் நகத்தையும் வைத்துத்தான் இன்னார் வரைந்தது என்று பிரித்தார்.

இந்த இடத்தில் அம்மா கீரையைக் கீழே வைத்தார். “இதற்கு எதற்கு மூன்று நாள்? எங்கள் மண்டோர் நடந்துபோகும்போதே சொல்லிவிடுவாரே” என்றார்.

பால் வெட்டு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மண்டோர் என்பவர் தோட்டத்தில் வேலையை மேற்பார்ப்பவர். பட்டையில் இடது மேலிருந்து வலது கீழாகச் சரிவாக ஒரு கோடு. ஒருநாள் விட்டு ஒருநாள், அந்தக் கோட்டின் கீழ் விளிம்பில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான பட்டையை மட்டும் சீவ வேண்டும். குறைவாகச் சீவினால் பால் வராது. கொஞ்சம் ஆழமாகக் கத்தி இறங்கினால் உள்ளே மரம் காயப்படும். அந்த இடத்தில் புதிதாக வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகிவிடும், பல ஆண்டுகளுக்கு அங்கே ஒழுங்காக வெட்டவே முடியாது. ஏறத்தாழ ஐந்நூறு மரம் ஒருவருக்கு. வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் பெரட்டு என்னும் விடிகாலை ஆள்கணக்கு முடிந்து இருட்டிலேயே தங்கள் மர வரிசையான நிரைக்குள் போய்விடுவார்கள். தலையில் ஒரு விளக்கு, அந்த வெளிச்சத்தில் ஒரு சாண் பட்டை, அவ்வளவுதான் உலகம்.

எல்லோருடைய வெட்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதுதான் தோட்டத்தின் சட்டம். உஸ்மானின் பட்டறையிலும் அதே சட்டம். பழைய ஆசான்களைப் போலவே வரைய வேண்டும், தனக்கென்று ஒரு பாணி தெரிந்தால் அது பிழை. பெயர் போட்டுக்கொள்வது அகம்பாவம். ஐம்பது வருடம் ஒரே குதிரையை வரைந்தவன் கண் போனபிறகும் வரைவான், பார்வை போவது அவனுக்கு இறைவன் தரும் வெகுமதி என்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, அம்மாவுக்குச் சிலிர்க்கவில்லை. “விளக்கு அணைந்துபோன அன்றைக்கெல்லாம் நானும் வெட்டியிருக்கிறேன்” என்றார். வலக்கைக் கட்டைவிரலை மடக்கி, இல்லாத கத்தியை இழுத்துக் காட்டினார். மணிக்கட்டு மேலிருந்து கீழே வந்து, முடிகிற இடத்தில் மட்டும் மெல்லத் தூக்கியது.

அந்தத் தூக்கல்தான் அவருடைய குதிரை மூக்கு. அதைப் பற்றிய கதையை அன்றைக்குத்தான் முழுதாகக் கேட்டேன். நான் பிறந்தபோது நாற்பது நாள் அவர் வேலைக்குப் போகவில்லை. அவர் நிரையை ஒரு மாற்றாள் வெட்டியிருக்கிறார். அம்மா திரும்பிப் போன முதல் வாரத்திலேயே மரத்தில் காயம் இருக்கிறது என்று சொல்லி, தோட்டத்து ஆபீசில் சம்பளத்தைப் பிடித்துவிட்டார்கள். அப்பாவுக்குப் போய்க் கேட்கத் தயக்கம். அம்மா என்னை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, மண்டோரை ஒரு மரத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

மாதத்துக்கு இவ்வளவு பட்டைதான் செலவாக வேண்டும் என்று மரத்தில் குறி போட்டிருப்பார்கள். அந்தக் குறிகளுக்கு இடையே எண்ணினால் எந்த வெட்டு எந்த வாரத்தது என்று தெரிந்துவிடும். காயங்கள் எல்லாம் அவர் பிள்ளை பெற்றுக் கிடந்த மாதத்துப் பட்டையில் இருந்தன. அதற்கு மண்டோர், நீ போவதற்கு முன்பு போட்டதாகவும் இருக்கலாமே என்றிருக்கிறார். அப்போதுதான் அம்மா கோட்டின் முடிவைக் காட்டினார். பால் வழிந்து தகரத்துக்கு இறங்கும் முனையில், அவருடைய வெட்டு ஒவ்வொன்றிலும் எள்ளளவு ஒரு தூக்கல். பழைய மாதங்களில் மேலிருந்து கீழ்வரை அது வரிசையாக இருந்தது. காயம் பட்ட மாதத்தில் மட்டும் கோடுகள் தட்டையாக முடிந்தன. அவர் திரும்பி வந்த நாளிலிருந்து மறுபடி எள்ளளவுத் தூக்கல்.

மண்டோர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாராம். பிடித்த பணம் அடுத்த மாதம் திரும்பி வந்தது.

பாண்டியன் அவையில் கண்ணகி சிலம்பை உடைத்து, உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று காட்டியதைப் பள்ளியில் படித்திருக்கிறேன். கொலை நடந்துபோன பிறகு கிடைத்த நீதி அது. என் அம்மாவுக்குச் சரியான நேரத்தில் கிடைத்தது. அதற்காக இப்போது நினைத்தாலும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

கொலை என்றால் எங்கள் ஊர்ப் பெயர் நாட்டின் வரலாற்றுப் புத்தகத்திலேயே இருக்கிறது. 1948 ஜூன் 16 அன்று காலை, சுங்கை சிப்புட்டை ஒட்டிய இரண்டு தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் கம்யூனிஸ்ட்டுக் கெரில்லாக்களால் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். ஒன்று எல்பில் தோட்டம். இரண்டு நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960-இல்தான் அது முடிந்தது. பள்ளியில் எங்களுக்குச் சொல்லித்தரப்பட்டது இவ்வளவே. அந்தக் காலையில் பெரட்டுக்கு வந்து நின்றவர்கள், பால் வாளியோடு வந்து வழியில் வெடிச் சத்தம் கேட்டவர்கள், அன்று பால் நிறுக்கப்பட்டதா இல்லையா என்று வீட்டில் வந்து சொன்னவர்கள் யாருக்கும் அதில் ஒரு வரி இல்லை. கள்ள நாணயத்துக்கும் தெருநாய்க்கும்கூட ஓர் அத்தியாயம் கொடுத்த நாவலைப் படித்த பிறகு அந்த இல்லாமை எனக்கு முன்பைவிட அதிகமாக வலிக்கிறது.

அந்த 1948-இல்தான் இங்கே கைரேகையோடு அடையாள அட்டை வந்தது. பாட்டிக்கும் கட்டைவிரலை மையில் உருட்டி எடுத்தார்கள். தேய்ந்துபோன விரலில் ரேகை சரியாக விழவில்லை என்று இரண்டு முறை எடுத்தார்களாம். அந்த விரலின் உண்மையான ரேகை நூற்றுக்கணக்கான மரங்களில் கிடந்தது.

புத்தகத்தை முடித்த மறுநாள் மழை விட்டிருந்தது. அம்மாவைக் காரில் ஏற்றிக்கொண்டு பழைய தோட்டத்துக்குப் போனேன். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் இல்லை. எங்கு பார்த்தாலும் செம்பனை. மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால், ஓடையோரமாக, யாரும் வெட்டாமல் விட்ட பால்மரங்கள் ஏழெட்டு நிற்கின்றன. கடைசியாக அவர் வெட்டிய நிரைக்குப் பக்கத்து நிரை அது.

அம்மா கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு விரலால் பார்த்தார். முதல் மரத்தில் பட்டை வழுவழுவென்று இருந்தது. “நல்ல கை” என்றார். அடுத்ததில் கட்டைவிரல் ஒரு குழியில் இறங்கி நின்றது. சுற்றிலும் பட்டை உதடுபோலத் தடித்து மூடியிருந்தது. நடுவில் எறும்புகள் போய்வந்தன. அவர் விரலை எடுக்காமல் கீழே நகர்த்தி, கோடு முடிகிற இடத்தைத் தேடி, அங்கேயும் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். நானும் தொட்டுப் பார்த்தேன். தட்டையாக முடிந்திருந்தது.

“அந்த மாற்றாளா?” என்று கேட்டேன்.

தலையை ஆட்டினார்.

“மண்டோரிடம் யார் என்று ஏன் சொல்லவில்லை? உங்களுக்கு அன்றைக்கே தெரியும்தானே?”

“பணம் திரும்பி வந்துவிட்டதே. அவளுக்கும் அப்போது வயிற்றில் ஐந்து மாதம், பாப்பா.”

இத்தனை நேரமும் அந்த ஆள், மாற்றாள் என்றே சொல்லிவந்தவர் வாயிலிருந்து ‘அவள்’ வந்ததைக் கவனித்தேன். அதற்குமேல் கேட்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தேன். திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா ஷெகூரேயின் இரண்டு பிள்ளைகளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.